சிற்றுயிரின் பேருருவம்

யானையைக் கண்டு வியவாதார் இலர். எறும்பின் முன் நின்று நோக்குவாரோ மிகச் சிலர். பேருருவம் கண்ணைத் தானே இழுத்து நிறுத்துகிறது. சிற்றுருவம் தேடிச் செல்வார்க்கே தன்னைக் காட்டுகிறது. மனிதனுடைய கண் வியத்தகு கருவியே எனினும், அதன் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஏறத்தாழ ஒரு சாண் தொலைவில் வைத்த பொருளில், 0.1 மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியுள்ள இரண்டு புள்ளிகளை அது தனித்தனியே பிரித்தறிவது அரிது. ஈயின் முகத்தில் அடர்ந்த மயிர்களும், எறும்பின் தாடையிலுள்ள பற்களும், வண்ணத்துப்பூச்சியின் இறகில் ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கப்பட்ட செதில்களும் அவ்வெல்லைக்கு அப்பால் நிற்பவை. நாள்தோறும் மனிதனோடு ஒரே வீட்டில் வாழும் உயிர்களின் முகத்தை அவன் கண்டதே இல்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்க செய்தியன்றோ?

அம்முகத்தைக் காணும் ஆவல் புதியதன்று. 1665ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் இராபர்ட் ஹூக் என்னும் அறிஞர் 'மைக்ரோகிராபியா' என்னும் நூலை வெளியிட்டார். நுண்ணோக்கியின் வழியே தாம் கண்ட ஈயின் கண்ணையும், தெள்ளுப்பூச்சியின் உடலையும் அவர் பெரிய படங்களாக வரைந்து காட்டினார். தெள்ளுப்பூச்சியின் படம் நூலின் ஏட்டில் அடங்காமையால், மடித்து வைத்த பெருந்தாளில் அச்சிடப்பட்டது. அதனைக் கண்டோர் திகைத்தனர். வெறும் புள்ளியென எண்ணிய உயிருக்குக் கவசம் அணிந்தாற்போன்ற உடலும், வளைந்த கால்களும் உண்டென்பதை அவர்கள் அன்றே அறிந்தனர். அக்காலத்தில் கண் கண்டதைக் கை வரைய வேண்டியிருந்தது. இந்நாளில் அப்பணியைக் காமிரா செய்கிறது. சிறு பூச்சியைப் பன்மடங்கு பெரிதாக்கிப் படம் எடுக்கும் இக்கலையை 'மேக்ரோ' படக்கலையின் உயர்நிலை எனலாம்.

இஃது ஒரு வெறும் பொழுதுபோக்கு என்று சிலர் கருதக்கூடும். அங்ஙனம் அன்று என்பதற்குத் தமிழ்நாட்டு உழவர் கண்ட நிகழ்ச்சி ஒன்றே போதிய சான்றாகும். 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி என்னும் அயல்நாட்டுப் பூச்சி தோன்றிற்று. அது பப்பாளியோடு நில்லாமல், மல்பெரி, மரவள்ளி முதலிய பல பயிர்களிலும் பரவிச் சாற்றை உறிஞ்சியது. வெண்ணிற மெழுகுப் பொடி அதன் உடலைப் போர்த்திருந்தமையால் மருந்துத் தெளிப்பு எளிதில் பயன்தரவில்லை. 2010ஆம் ஆண்டில் பியூர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒருவகை ஒட்டுண்ணிக் குளவி வரவழைக்கப்பட்டது. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி ஆய்வு நிலையமும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதனைப் பெருக்கித் தோட்டங்களில் விடச் செய்தன. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதனை அழிக்கும் இக்குளவியின் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பயிரைக் காத்த அந்நண்பனைக் கண்ணால் கண்டு அடையாளம் கூறவல்ல உழவர் எத்துணைப் பேர் இருந்திருப்பர்? பகைவனையும் நண்பனையும் வேறு பிரித்து அறியாதவன் இருவரையும் ஒருங்கே அழிப்பான். ஒரு நல்ல படம் அவ்வறியாமையை நீக்கவல்லது.

வீட்டிலுள்ள கொசுவும் இவ்வுண்மையையே உணர்த்துகிறது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுக்களுள் 'ஏடிஸ் எகிப்தி', 'ஏடிஸ் அல்போபிக்டஸ்' என இரண்டு இனங்கள் உள. இரண்டும் கரிய உடலில் வெண்கோடுகள் உடையன. பார்ப்பார்க்கு ஒன்றுபோலவே தோன்றுவன. உருவத்தைப் பெருக்கி நோக்கினால் வேறுபாடு உள்ளங்கை நெல்லிக்கனியாகும். முன்னதன் முதுகில் யாழைப் போன்ற வெண்குறி ஒன்று காணப்படும். பின்னதன் முதுகிலோ நடுவே ஒற்றை வெண்கோடு மட்டுமே ஓடும்.

பயிர்களைத் தாக்கும் இலைப்பேன் பெரும்பாலும் ஓரிரண்டு மில்லிமீட்டர் நீளமே உடையது. அச்சிற்றுயிரின் ஆராய்ச்சிக்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஈந்தவர் சென்னை இலயோலாக் கல்லூரியில் பணியாற்றிய டி. என். அனந்தகிருஷ்ணன் (1925–2015). அங்குப் பூச்சியியல் ஆராய்ச்சிக்கென 1963ஆம் ஆண்டில் ஒரு நிலையத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. கடுகளவும் இல்லாத ஓர் உயிர் ஒரு பேரறிஞரின் வாழ்நாள் உழைப்புக்கு உரியதாயிற்று. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்னும் பழமொழி ஈண்டு நினைவுகூரத் தக்கது.

இத்தகைய கலையைத் தொடங்குவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுமோ? வேண்டாம் என்பதைச் சென்னையின் மேற்குப் புறத்தே அமைந்த மண்ணூர்பேட்டையைக் கொண்டே விளக்கலாம். சென்னை – திருவள்ளூர் நெடுஞ்சாலையில் பாடிக்கும் அம்பத்தூருக்கும் இடையே இவ்வூர் உள்ளது. 1964ஆம் ஆண்டில் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டை இதன் அண்மையில் இருக்கிறது. கொரட்டூர் ஏரியும் தொலைவில் இல்லை. ஒருபுறம் இரும்பைக் கடைந்து திருகும் மரையும் ஆக்கும் பட்டறைகள். மறுபுறம் பூச்சிகள் வாழும் நீர்க்கரையும் புதரும். பூச்சியைப் படமெடுப்பதற்கு வேண்டிய இரண்டும், அதாவது நுண்ணளவும் உயிரும், இங்கே அருகருகே கிடைக்கின்றன. இங்குள்ள மாணவன் ஒருவன் இக்கலையைப் பயில விரும்பினால், அவன் கடக்க வேண்டிய படிகள் எவை எனக் காண்போம்.

முதற்படி உருப்பெருக்கத்தின் பொருளை உணர்தல் ஆகும். பழங்காலத்துப் படச்சுருளின் இடத்தில் இக்காலக் காமிராவினுள் ஒளியுணர் தகடு ஒன்று இருக்கிறது. பெரிய காமிராக்களில் அது 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையது. 4 மில்லிமீட்டர் நீளமுள்ள எறும்பின் உருவம் அத்தகட்டிலும் 4 மில்லிமீட்டராகவே விழுமாயின், அஃது ஒரு மடங்கு எனப்படும். 20 மில்லிமீட்டராக விழுமாயின் அஃது ஐந்து மடங்கு. ஒரு மடங்குவரை சாதாரண மேக்ரோ வில்லைகளே எட்டும். அதற்கு மேற்பட்டதே உயர்நிலை. பத்து மடங்கில் அத்தகட்டில் அடங்கும் காட்சியின் நீளம் 3.6 மில்லிமீட்டரே. ஒரு நெல்மணியும் அதனுள் முழுமையாக அடங்காது.

இரண்டாம் படி வில்லையைப் பற்றியது. காமிராவின் வில்லையைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தினால், அது பெரிய பொருளைச் சிறிதாகக் காட்டும் தொழிலை விட்டுச் சிறிய பொருளைப் பெரிதாகக் காட்டும் தொழிலை மேற்கொள்கிறது. இதற்கு வேண்டுவது ஓர் உலோக வளையமே. மற்றொரு முறையும் உண்டு. 200 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள வில்லையின் முன்னே, 50 மில்லிமீட்டர் வில்லை ஒன்றைத் திருப்பி வைத்தால், 200ஐ 50ஆல் வகுக்க வருகின்ற நான்கு மடங்கு உருவம் கிட்டும். வில்லைக்கும் காமிராவுக்கும் இடையே வெற்றுக் குழாய்களைச் செருகுவது மூன்றாவது முறை. 50 மில்லிமீட்டர் வில்லையைக் குழாய்கள் 50 மில்லிமீட்டர் முன்தள்ளினால் ஒரு மடங்கு பெருக்கம் உண்டாகும். நுண்ணோக்கியின் பொருளருகு வில்லையைப் பொருத்துவது நான்காவது முறை. பத்து மடங்கும் அதற்கு மேலும் செல்ல விரும்புவோர் இதனைக் கையாளுகின்றனர். பெரிய காமிரா இல்லாதவன் கைப்பேசியின் கண்மீது சிறு குவிவில்லை ஒன்றை ஒட்டிக்கொண்டும் தொடங்கலாம்.

கருவியைத் தானே ஆக்கிக்கொள்வதில் இழிவு ஒன்றுமில்லை. நாவலாசிரியர் மாதவையாவின் மகனும், சென்னையில் வாழ்ந்த இயற்கை அறிஞருமாகிய மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டு யானை முதலிய பெருவிலங்குகளைப் படமெடுத்துப் புகழ் பெற்றவர். அவர் வெவ்வேறு காமிராக்களின் உறுப்புகளை இணைத்துத் தமக்கென ஒரு கருவியை அமைத்து, அதற்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் இட்டிருந்தார். படத்தின் சிறப்பு எடுப்பவனின் பொறுமையையும் அறிவையும் பொறுத்ததே அன்றிக் கருவியின் விலையைப் பொறுத்ததன்று என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாகும்.

மூன்றாம் படியில்தான் உண்மையான இடையூறு எதிர்ப்படுகிறது. உருவம் பெருகப் பெருகத் தெளிவின் ஆழம் குறைகிறது. ஒரு மடங்கில் பூச்சியின் உடலில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழம் தெளிவாக விழும். ஐந்து மடங்கிலோ அத்தெளிவு ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். அஃதாவது, தலைமயிரின் கனத்தினும் சற்றுக் குறைந்த ஒரு மெல்லிய படலம் மட்டுமே தெளிவாகத் தோன்றும். ஈயின் கண் தெளிந்தால் அதன் வாய் மங்கும்; வாய் தெளிந்தால் கண் மங்கும். வில்லையின் துளையைச் சுருக்கித் தெளிவைக் கூட்டலாமே எனின், அதற்கும் இயற்கை இடந்தருவதில்லை. சிறு துளையில் புகும் ஒளி அலைகள் விளிம்பில் வளைந்து பரவுதலின், படம் முழுவதுமே மங்கிப்போகும்.

இவ்விடையூற்றை வெல்வதற்குக் கண்ட வழி மிக எளியது. ஆனால் பொறுமையை வேண்டுவது. பூச்சியின் முகத்தை ஒரே படமாக எடுக்காமல், முன்னிருந்து பின்னாகப் பல படங்களாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் காமிராவை ஒரு நூலிழையினும் குறைவாக முன்நகர்த்த வேண்டும். பின்னர் ஒவ்வொரு படத்திலும் தெளிந்திருக்கும் பகுதியை மட்டும் கணிப்பொறி தேர்ந்து, அனைத்தையும் ஒரே படமாக அடுக்கித் தரும்.

இங்குத்தான் மண்ணூர்பேட்டைப் பட்டறையின் அறிவு கைகொடுக்கிறது. கடைசல் தொழிலாளர் நாள்தோறும் கையாளும் மைக்ராமீட்டரின் திருகு ஒரு முழுச்சுற்றில் 0.5 மில்லிமீட்டர் நகரும். அதன் உருளையில் 50 பிரிவுகள் பொறிக்கப்பட்டிருக்கும். ஆகவே ஒரு பிரிவு திருப்பினால் நகர்வது 0.01 மில்லிமீட்டர். இத்தகைய திருகொன்றைச் சிறு நகர்தட்டில் பொருத்திக் காமிராவை அதன்மேல் அமர்த்தினால், வேண்டிய நுண்ணகர்வு கைக்கு வந்துவிடும். ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். ஈயின் தலை ஆழம் 2 மில்லிமீட்டர் என்க. தெளிவின் ஆழம் 0.05 மில்லிமீட்டர். அடுத்தடுத்த படங்கள் சிறிதேனும் ஒன்றன்மேல் ஒன்று படிதல் வேண்டுமாதலின், ஒவ்வொரு முறையும் 0.04 மில்லிமீட்டர், அதாவது நான்கு பிரிவுகள், நகர்த்த வேண்டும். 2ஐ 0.04ஆல் வகுத்தால் 50 வரும். ஐம்பது படங்களின் உழைப்பால் ஒரு முகம் தோன்றுகிறது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதன் மெய்ம்மையை இத்திருகு காட்டுகிறது.

ஐம்பது படங்கள் மிகுதி என மலைப்பவன் லெவன் பிஸ் என்னும் ஆங்கிலப் படக்கலைஞரை நினைத்தல் நன்று. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 2016ஆம் ஆண்டில் அவருடைய பூச்சிப் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றுள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8,000 படங்களின் சேர்க்கை. பூச்சியின் உடலைப் பல பகுதிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற ஒளியமைத்து, ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே காமிராவை 0.01 மில்லிமீட்டரே நகர்த்தி அவர் பணியாற்றினார். மைக்ராமீட்டரின் ஒரே பிரிவு அது! விரல்நுனியளவான வண்டு சுவரளவாய் நின்றதற்கு அவ்வுழைப்பே காரணம்.

நான்காம் படி ஒளியையும் அதிர்வையும் ஆளுதல். வில்லையை முன்தள்ளி நான்கு மடங்கு பெருக்கம் பெறும்பொழுது, தகட்டை அடையும் ஒளி ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆதலின் மின்னொளி விளக்கின் துணை வேண்டும். பூச்சியின் உடல் மெருகேற்றிய பாத்திரம்போல் மின்னும் இயல்புடையதாகையால், விளக்கின் ஒளி நேரே படின் வெண்புள்ளிகள் தோன்றி உருவத்தை மறைக்கும். தெர்மோகோல் குவளையின் அடியை வெட்டிப் பூச்சியைச் சுற்றி வைத்து, அதன் வெளிப்புறத்தே விளக்கை எரித்தால் ஒளி நாற்புறமும் பரவி மென்மையாகும். மேகம் மூடிய வானத்தின் ஒளியை மேசைமீது வருவித்தது போன்றது இது.

அதிர்வு அதனினும் கொடிது. உருவத்தைப் பெருக்கும் வில்லை அசைவையும் பெருக்கும். பத்து மடங்கில், பூச்சி 0.01 மில்லிமீட்டர் அசைந்தால் அதன் உருவம் தகட்டில் 0.1 மில்லிமீட்டர் அசையும். தெளிந்த கோடு பட்டையாகிவிடும். நெடுஞ்சாலையில் சரக்கு வண்டிகள் இடையறாது ஓடும் ஊரில் தரையும் மேசையும் சிறிதே நடுங்கிக்கொண்டிருக்கும். கனத்த கருங்கற்பலகை ஒன்றை இரப்பர்த் துண்டுகளின்மேல் வைத்து, காமிராவையும் பூச்சியையும் அதே பலகையின்மீது நிறுத்துவது நல்ல காப்பு. இரண்டும் ஒருங்கே அசையுமாயின் தீங்கு குறையும். மின்னொளி விளக்கைக் குறைந்த ஆற்றலில் எரித்தால், அஃது ஒரு நொடியில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஒளிரும். எஞ்சிய அசைவும் படத்தில் பதியாது. ஊர் உறங்கும் பின்னிரவே இப்பணிக்குத் தக்க காலம் என்பது பட்டறிவு கற்பிக்கும் பாடம்.

இனி, எந்தப் பூச்சியைப் படமெடுப்பது? இவ்வினாவுக்கான விடையில் கலையோடு அறமும் கலந்திருக்கிறது. பல படங்களை அடுக்க வேண்டுமாயின் பூச்சி அசையாதிருத்தல் வேண்டும். அதற்காக உயிருள்ளதைக் கொல்வதும், குளிர்ப்பெட்டியில் வைத்து மயக்குவதும், பசையால் ஒட்டுவதும் முறையாகா. அழகைக் காட்டுதற்கு எடுத்த முயற்சி அவ்வழகையே அழிப்பதில் முடிதல் கூடாது. தெருவிளக்கின் அடியிலும், சாளரத்தின் ஓரத்திலும், சிலந்தி வலையிலும் தாமே இறந்து கிடக்கும் பூச்சிகள் பயிலுவோர்க்குப் போதியவை. அவற்றின்மீது படிந்த தூசியை மெல்லிய தூரிகையால் நீக்குதல் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத தூசியும் ஐந்து மடங்கில் கல்லெனத் தோன்றும். உயிருள்ளவற்றை விழைவோர் விடியற்காலையில் ஏரிக்கரைக்குச் செல்லலாம். இரவுக் குளிரால் அசைவற்றிருக்கும் தும்பி, கதிரவன் ஒளி பட்டு உடல் சூடேறும் வரையில் புல்நுனியைப் பற்றிக்கொண்டு அமைதியாய் இருக்கும். வண்ணத்துப்பூச்சிகளுள்ளும் வண்டுகளுள்ளும் சில இனங்களுக்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காவலாக நிற்கிறது என்பதையும் மாணவர் மறத்தல் ஆகாது. இருந்த இடத்தில் இருந்தவாறே படமெடுத்து, இருந்தவாறே விட்டு வருதலே சிறந்தது.

எடுத்த படம் உண்மை பேச வேண்டும் என்பது இறுதிப் படி. அடுக்கிய படங்களுக்கிடையே பூச்சி தன் காலை அசைத்திருந்தால், சேர்ந்த படத்தில் இல்லாத கால் ஒன்று நிழலாய்த் தோன்றும். அதனைக் கண்டும் காணாதவன்போல் வெளியிடுதல் அறிவியலுக்குச் செய்யும் இரண்டகமாகும். ஒவ்வொரு படத்தோடும் எடுத்த நாள், இடம், பூச்சி இருந்த செடி, உருப்பெருக்கத்தின் அளவு ஆகியவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். அக்குறிப்பு இல்லாத படம் கண்ணுக்கு விருந்தாகும். குறிப்போடு கூடிய படமோ பின்வரும் ஆராய்ச்சியாளர்க்குச் சான்றாகும். ஓர் ஊரில் எவ்வெப் பூச்சிகள் வாழ்ந்தன என்பதை அவ்வூர் மாணவர் எடுத்த படங்களே பின்னொரு நாள் எடுத்துரைக்கலாம்.

முதல் நாளிலேயே ஐந்து மடங்கை எட்ட முயல்வோன் பெரும்பாலும் சோர்ந்து விடுகிறான். உப்புக் கல், சருகு, நாணயத்தில் பொறித்த எழுத்து போன்ற அசையாப் பொருள்களில் ஒரு மடங்கில் தொடங்கி, கையும் கண்ணும் பழகிய பின்னர் இரண்டு, மூன்று, ஐந்து என ஏறுவதே முறை. திருகின் பிரிவுகளைப் போலவே பயிற்சியும் சிறு சிறு அளவாகவே முன்செல்லும். அவ்வாறு முயன்று, ஐம்பது மங்கிய படங்களினின்று ஒரு முகம் தெளிந்து எழுவதைக் காணும் மாணவன், மாவுப்பூச்சியையும் அதனை அழிக்கும் குளவியையும் ஒரே விரலால் நசுக்கத் துணியான். நன்கு கண்டறிந்த உயிரை வீணே அழிக்க மனம் இசைவதில்லை. சிற்றுயிரைப் பேருருவாகக் காட்டும் இக்கலை, காண்பவன் உள்ளத்தையும் சிறிது பெருகச் செய்யும் என்பதில் ஐயமில்லை.